மடித்த தகட்டில் ஒரு மடக்குக்கத்தி: நம்பி வாங்கலாமா?

ஒரே தகட்டை மடித்துக் கைப்பிடியாக்கிய மலிவான மடக்குக்கத்திகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "பார்த்தால் பொம்மை போல் இருக்கிறது. மரமோ கொம்போ பதிக்கவில்லை, ஒரு திருகாணிகூடக் கிடையாது. பார்சல் பிரிக்க, பழம் நறுக்க, கயிறு வெட்ட, எப்போதாவது ஒரு குச்சியைச் சீவ எனக்கு ஒரு கத்தி வேண்டும். இதை நம்பி வாங்கலாமா, பணம் சேர்த்து வேறு நல்லதாக வாங்குவதா?" என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அலகின் மேல் விழும் விசையை இவ்வளவு மெல்லிய தகடு தாங்குமா என்பது ஒன்று. இந்த விலைக்கு விற்கிறவர் எதில் கைவைத்திருப்பார் என்பது மற்றொன்று. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். நியாயமான சந்தேகம்.

நான் பிரஸ் டூல் வேலை பயின்றவன். தகட்டை வெட்டவும் மடிக்கவும் பிரஸ் இயந்திரத்தில் பொருத்தும் வார்ப்புருக்களான டைகளைச் செய்வது என் தொழில். கத்திகளுக்குச் சாணை பிடிப்பதும், ஆட்டம் கண்ட மடக்குக்கத்திகளைச் சரிசெய்து கொடுப்பதும் பல வருடங்களாக அதனுடன் சேர்ந்தே நடந்து வருகின்றன. ஆகவே தகடு, ரிவெட் (அலகு திரும்பும் ஆணி), கூர் ஆகிய மூன்றையும் பற்றி உறுதியாகப் பேச முடியும். எஃகைச் சோதனைக்கூடத்தில் வைத்து ஆராய்ந்தவன் அல்ல. சட்டம் படித்தவனும் அல்ல. அந்த இடங்கள் வரும்போது அதற்கேற்ற எச்சரிக்கையோடு படியுங்கள்.

நீங்கள் சொன்ன வேலைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். நன்றாகச் செய்த தகட்டுக் கத்தியில் மிச்சம் பிடிக்கப்பட்டிருப்பது கைப்பிடியில், அலகில் அல்ல. வழக்கமான மடக்குக்கத்தியில் இரண்டு உள்தகடுகள், அவற்றின் மேல் இரண்டு மரப் பட்டைகள், முனைகளில் உலோகக் காப்புகள், நடுவே ஸ்பிரிங், இவற்றைக் கோத்துப் பிடிக்கும் பல ஆணிகள் என்று உறுப்புகள் பெருகும். ஒவ்வொன்றையும் இழைத்துப் பொருத்தி மெருகேற்ற ஆள் கூலி ஆகிறது. விலையின் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. தகட்டுக் கத்தியிலோ பிரஸ் ஒரு அடியில் வடிவத்தை வெட்டுகிறது, அடுத்த அடியில் மடிக்கிறது, கைப்பிடி முடிந்துவிட்டது. டை செய்ய முதலில் பெரிய செலவு உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கில் அடிக்கும்போது அது ஒவ்வொரு கத்திக்கும் அற்பமாகிவிடும். இப்படி மிச்சமானதை அலகின் எஃகிலும் அதன் பதத்திலும், அதாவது சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்குவதிலும், போட்டவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் மிச்சம் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களைப் பிரித்தறிவதுதான் வாங்குகிறவரின் வேலை.

முதலில் பலம். ஒரு தாளை இரு முனைகளில் பிடித்தால் நடுவில் தொய்கிறது. அதையே நீளவாக்கில் மடித்துப் பிடித்தால் விறைத்து நிற்கிறது. தகட்டிலும் இதுதான் நடக்கிறது. வளையும் திசையில் ஒரு பட்டையின் உயரம் இரு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். ஒரு மில்லிமீட்டர் தகடு தட்டையாகக் கிடக்கும்போது விரலால் வளைக்கலாம். ஆனால் மடித்த கைப்பிடியில் இரு பக்கச் சுவர்களும் அலகுக்கு இணையாக நிமிர்ந்து நிற்கின்றன. நீங்கள் எதையாவது வெட்டும்போது விசை வருவதும் அந்தத் திசையில்தான். ஆகவே வெட்டும் வேலையில் இந்தக் கைப்பிடி வளையும் என்று பயப்படத் தேவையில்லை. உங்கள் கை வலிக்கும் அளவுக்கு அழுத்தினாலும் தகடு அசையாது.

பலவீனம் வேறொரு திசையில் இருக்கிறது. ஒரு பக்கம் திறந்த மடிப்பு முறுக்கு விசையைத் தாங்காது. மூடிய குழாய் முறுக்குக்கு நன்றாக எதிர்த்து நிற்கும். அதே குழாயை நீளவாக்கில் ஒரு கோடு கிழித்துவிட்டால் அந்த எதிர்ப்பில் மிகச் சிறு பங்குதான் மிஞ்சும். மடக்குக்கத்தியின் கைப்பிடி அப்படிக் கிழித்த குழாய்தான். அலகு உள்ளே போக வாய் திறந்திருந்தாக வேண்டுமே. அலகை மரத்தில் செருகித் திருப்பினாலும், டப்பா மூடியை நெம்பினாலும் ரிவெட் இருக்கும் முனையில் இரு சுவர்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். ஒரு தடவை விலகியவை தானாகத் திரும்பி வருவதில்லை. என்னிடம் ஆட்டம் என்று வரும் தகட்டுக் கத்திகளில் பெரும்பாலானவை வெட்டிக் கெட்டவை அல்ல, நெம்பிக் கெட்டவை. அதனால் நெம்பும் வேலைக்கு இதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

இன்னொரு பலவீனம் ரிவெட் துளையில். உதாரணத்துக்கு மூன்று மில்லிமீட்டர் ரிவெட், இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் தகடு என்று வைத்துக்கொண்டால், விசையைத் தாங்கும் பரப்பு மொத்தம் 6 சதுர மில்லிமீட்டர். அதே ரிவெட் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள உலோகத்தில் நின்றால் 18 சதுர மில்லிமீட்டர். பரப்பு மூன்றில் ஒன்றானால் அழுத்தம் மூன்று மடங்கு. எனவே பல வருட உபயோகத்தில் தகட்டின் துளை மெல்ல நீள்வட்டமாகும். தடுக்க முடியாத தேய்மானம் இது. ஆனால் மிக மெதுவாக நடப்பது, சரிசெய்யவும் கூடியது.

இந்த வகையில் காலத்தைத் தாங்கி நிற்கும் மூன்று கத்திகளைப் பற்றிச் சொன்னால், ஒரே யோசனையை மூன்று இடங்களில் எப்படி வேறுவேறாகத் தீர்த்தார்கள் என்பது புரியும். ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் மிகி என்ற ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உருவானது ஹிகோனோகாமி. மூன்றிலும் எளிமையானது இதுதான்: ஒரு மடித்த தகடு, ஒரு அலகு, ஒரு ரிவெட். ஸ்பிரிங் இல்லை, பூட்டு இல்லை. அலகின் அடிப்பகுதி ஒரு சிறு வாலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தித் திறக்க வேண்டும், வெட்டும்போதும் விரலை அதன் மேல் வைத்தே பிடிக்க வேண்டும். அலகு நிற்பது ரிவெட்டின் இறுக்கத்தாலும் உங்கள் விரலாலும்தான். ஒரு காலத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ இதை வைத்திருந்தார்கள். 1960 அக்டோபர் 12-ஆம் தேதி, சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசானுமாவைப் பதினேழு வயது இளைஞன் ஒருவன் மேடையிலேயே குத்திக் கொன்றான். அவன் எடுத்தது ஒரு குறுவாள்; மடக்குக்கத்தி அல்ல. ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் அதற்குப் பின் நாடெங்கும் பரவியது. பென்சில் சீவும் கருவிகளும் பெருகின. மிகியில் இருந்த பட்டறைகள் ஒவ்வொன்றாக நின்றன. இன்று அந்தப் பெயரைப் பதிக்கும் உரிமையோடு செய்துவருவது நகாவோ கானெகோமா என்ற ஒரே பட்டறை. ஒரு கருவி கெட்டுப்போனதால் அல்லாமல், யாரோ செய்த கொலையால் வழக்கொழிந்தது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

பிரான்சில் கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்ற தியேர் நகரத்தில் கோஞே நிறுவனம் 1929-இல் கொண்டுவந்தது டூக்-டூக். பசிபிக் தீவுகளின் சந்தையை மனத்தில் வைத்து உருவாக்கியதால் கைப்பிடியில் மெலனீசிய ஆவி ஒன்றின் உருவம் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அது பெருவாரியாக விற்றதோ வட ஆப்பிரிக்காவில். இதில் மடிப்பின் முதுகுக்குள் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கிறது, மிகக் கடினமான ஸ்பிரிங். திறந்த அலகை அது அழுத்திப் பிடிக்கும், பூட்டாது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் காஃப்மன் குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து செய்துவந்த மெர்கேட்டர் மூன்றாவது. கறுப்பு அரக்குப் பூசிய தகட்டில் பாயும் பூனையும் கே55கே என்ற எழுத்தும் இருக்கும். அந்த ஆலை மூடியபின் அதே ஊரின் ஓட்டர் நிறுவனம் அதைத் தொடர்ந்து செய்கிறது. இதில் முதுகுப் பூட்டு உண்டு. கைப்பிடியின் முதுகில் துருத்தி நிற்கும் நெம்பியை அழுத்தினால்தான் அலகு மடங்கும். நீளமான அலகு இருந்தும் கத்தி மிகத் தட்டையானது. சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. இந்த மூன்றையும் ஒட்டிப் பெயரில்லாத நகல்கள் நிறைய வந்திருக்கின்றன. தரத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

பூட்டு பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூட்டில்லாத கத்தியால் குத்தித் துளையிடாதீர்கள். வெட்டும்போது விசை அலகைத் திறந்த நிலையிலேயே தள்ளுகிறது, ஆபத்தில்லை. முனையால் குத்தும்போது அலகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மடங்க வழியிருக்கிறது, மடங்கினால் கூர் வந்து விழுவது உங்கள் விரல்களின் மேல். ஹிகோனோகாமி போன்ற ஸ்பிரிங்கும் இல்லாத கத்தியில், வால் மீது விரல் வைக்காமல் வெட்டுவதும் இதே ஆபத்துதான். இதில் அனுபவசாலிக்கு விலக்கு எதுவும் கிடையாது. குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் இதை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கத்தியைக் கையில் கொடுங்கள். பூட்டு உள்ள கத்தியிலும் பூட்டை நம்பிக் குத்தும் வழக்கம் நல்லதல்ல. ரிவெட் துளையின் தேய்மானம் பூட்டின் பொருத்தத்தையும் காலப்போக்கில் தளர்த்தும்.

கடையில் கத்தியைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது இந்த வரிசையில். கத்தியை மூடிய நிலையில் வாய்ப் பக்கமாகக் கண்ணுக்கு நேரே பிடித்து, இரு சுவர்களும் இணையாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன். மடித்த தகடு டையிலிருந்து வெளியே வந்ததும் சில டிகிரி திரும்ப விரியும் குணமுள்ளது. அதை எதிர்பார்த்துச் சற்று அதிகமாக மடிக்கத் தெரிந்தவர் செய்த கைப்பிடியில் சுவர்கள் இணையாக நிற்கும். தெரியாதவர் செய்ததில் வாய் அகன்றிருக்கும், அலகு உள்ளே கடகடக்கும். அடுத்து முதுகு மடிப்பின் வெளிப்புறம். தகட்டை உருளையில் இழுத்த திசைக்கு இணையாக மடித்தாலோ, மடிப்பின் வளைவு மிகக் கூர்மையாக இருந்தாலோ அங்கே மயிரிழை வெடிப்புகள் தோன்றும். வெடிப்பு தெரிந்தால் அந்தக் கத்தி வேண்டாம். பூச்சு பூசிய கைப்பிடியில் இது ஒளிந்திருக்கலாம். நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிறகு விரல் படும் ஓரங்கள். பிரஸ்ஸில் வெட்டிய எந்தத் தகட்டிலும் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பிசிறாகவும் இருக்கும். பிசிறு உள்பக்கம் போகும்படி மடிப்பது நல்ல தொழிலாளியின் அடையாளம். பிசிறு வெளியே இருந்தால் குறை சிறிதுதான், நுண்ணிய அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்து எடுத்துவிடலாம். ஆனால் இதைக் கவனிக்காதவர் வேறு எதைக் கவனித்திருப்பார் என்ற கேள்வி எனக்கு எழும்.

அலகைத் திறந்து முனையைப் பிடித்து இடவலமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். மிகச் சிறிய அசைவு இந்த வகையில் சகஜம். மேலும் கீழும் அசைந்தால் துளையே பெரிதாக இருக்கிறது என்று பொருள், அதை வாங்காதீர்கள். மெதுவாக மூடும்போது கூர் எதன் மேலாவது இடிக்கிறதா என்றும் கவனியுங்கள். அலகின் அடியில் கூர் தொடங்கும் இடத்துக்கு முன்னால் ஒரு சிறு புடைப்பு இருக்கும். மூடும்போது ஸ்பிரிங்கின் மேல் அதுதான் மோத வேண்டும்; கூர் அந்தரத்தில் நிற்க வேண்டும். அப்படி இல்லாத கத்தியை ஒவ்வொரு முறை மூடும்போதும் நீங்களே மழுங்கடித்துக்கொண்டிருப்பீர்கள்.

பித்தளைக் கைப்பிடியா எஃகுக் கைப்பிடியா என்று அடுத்து கேட்பீர்கள். பித்தளை அழகானது, செந்துரு பிடிக்காது. ஆனால் ஒரே கனத்தில் அதன் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறக்குறைய பாதிதான். துளையும் விரைவில் தேயும். வியர்வை பட்டால் கையில் ஒரு வாடையும் விடும். நான் எஃகையே தேர்ந்தெடுப்பேன். பித்தளை வேண்டுமென்று மனம் போனால் கனமான தகடாகப் பார்த்து வாங்குங்கள்.

அலகின் எஃகு விஷயத்தில் இந்தக் கத்திகள் பெரும்பாலும் சாதாரணக் கரிம எஃகையே பயன்படுத்துகின்றன. மெர்கேட்டரில் நூற்றுக்கு ஏறக்குறைய 0.75 பங்கு கரிமம் உள்ள எஃகு. ஹிகோனோகாமியின் உயர்ந்த வகைகளில் நடுவே கடினமான எஃகும் இருபுறமும் மென்மையான இரும்பும் சேர்த்து அடித்த அலகு வரும். விலை குறைவு என்பதால் இது தாழ்ந்த எஃகு என்று எண்ண வேண்டாம். சரியாகப் பதமேற்றிய கரிம எஃகு மிக நுண்ணிய கூரை ஏற்கும், சாதாரணக் கல்லிலேயே சீக்கிரம் தீட்டவும் வரும். இதற்கு விலையாக நீங்கள் கொடுப்பது கவனம். பழச்சாறு பட்டால் அலகு சாம்பல் நிறமாகும், ஈரத்தோடு மூடிவைத்தால் மறுநாளே செந்துரு தெரியும். பெயரில்லாத கத்திகளில் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் பொறித்திருந்தால் அதிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. கரண்டிக்கும் அந்தச் சொல் பொருந்தும். வாங்கியபின் சோதிக்க ஒரு வழி: பழைய நுண்ணிய அரத்தைக் கூரின் அடிப்பக்கத்தில், கைப்பிடியை ஒட்டிய ஓரத்தில், மிக லேசாக வைத்துத் தள்ளுங்கள். அரம் வழுக்கினால் பதம் இருக்கிறது. தூள் எடுத்துக்கொண்டு கடித்தால் அலகு மென்மையானது. அடுக்கி அடித்த அலகில் இதைக் கூரில் மட்டுமே பார்க்க வேண்டும். பக்கங்கள் இயல்பாகவே மென்மையானவை.

புதிதாக வரும் மலிவுக் கத்திகளின் கூர் பல சமயம் அவசரமாகப் போட்டதாக இருக்கும். அதைப் பார்த்துக் கத்தியை எடைபோடாதீர்கள். நீங்களே தீட்டிய பிறகு எடைபோடுங்கள். ஆயிரம் நம்பர் கல் ஒன்று போதும். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி கோணம் நல்லது. கோணத்தைக் கண்ணால் அளப்பது கடினம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: அலகின் அகலம் 15 மில்லிமீட்டர் என்றால், அதன் முதுகைக் கல்லிலிருந்து 4 மில்லிமீட்டர் தூக்கினால் 15 டிகிரி, 5 மில்லிமீட்டர் தூக்கினால் 20 டிகிரி. எதிர்ப்பக்கம் முழு நீளத்துக்கும் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை ஒரு பக்கத்தைத் தீட்டுங்கள். பிறகு மறுபக்கம். கடைசியில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கத்துக்கு ஒன்றிரண்டு இழுப்பு, பின் தோல்பட்டையில் அலகின் முதுகு முன்னே போகும்படி சில இழுப்புகள். அடுக்கி அடித்த ஹிகோனோகாமியில் சரிவான பகுதி முழுவதையும் கல்லில் படுக்கவைத்துத் தீட்டுவோர் உண்டு. அதில் கிடைக்கும் கூர் அபாரமானது. ஆனால் மெல்லியது, எலும்பிலோ கம்பியிலோ பட்டால் சிதறும். மின்சாரச் சாணைச் சக்கரத்தில் நீர் இல்லாமல் தீட்ட யாரிடமும் கொடுக்காதீர்கள். மெல்லிய கூர் நொடியில் சூடேறும். வைக்கோல் நிறம் வந்தால் ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸ், நீலம் வந்தால் 300-ஐ நெருங்கிவிட்டது. நீலம் ஏறிய இடத்தில் பதம் இறங்கிவிட்டது. அந்தப் பகுதியைத் தேய்த்து எடுக்கும்வரை கூர் நிற்காது.

இனி பழுது. இந்தக் கத்திகள் மேல் எனக்குள்ள பிரியத்துக்குக் காரணமே இதுதான். அலகு இடவலமாக ஆடினால் தேவை ஒரு சிறு சுத்தியும், அடியில் வைக்க ஒரு கெட்டியான எஃகுத் துண்டும் மட்டுமே. ரிவெட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு தலையை எஃகுத் துண்டின் மேல் உட்காரவைத்து, மறு தலையின் விளிம்பைச் சுற்றி லேசாகத் தட்டுங்கள். இரண்டு மூன்று தட்டுக்கு ஒரு முறை அலகைத் திறந்து மூடிப் பாருங்கள். இறுக்குவது எளிது, தளர்த்துவது கடினம் என்பதால் அவசரம் கூடாது. கொஞ்சம் இறுகிப்போனால் எண்ணெய் விட்டு அலகைப் பல முறை திறந்து மூடினால் சமயத்தில் இளகும். நெம்பியதால் சுவர்கள் விரிந்திருந்தால் முதலில் இடுக்கியில் இருபுறமும் மரத்துண்டு வைத்து மெல்ல அழுத்திச் சேர்த்துவிட்டுப் பிறகு ரிவெட்டைத் தட்ட வேண்டும். துளையே நீண்டுவிட்டிருந்தால் தட்டிப் பயனில்லை. ரிவெட்டைத் துளைத்தெடுத்து, துளைகளை வட்டமாகப் பெரிதாக்கி, சற்றுத் தடித்த ரிவெட் போட வேண்டும். அலகின் துளையும் பெரிதாக வேண்டியிருந்தால் கடினமான எஃகில் சாதாரணத் துளையூசி ஏறாது. அதைப் பட்டறையில் கொடுங்கள். பல வருடம் தீட்டித் தேய்ந்த கத்தியில், மூடிய பிறகும் முனை வெளியே எட்டிப் பார்க்கும். முன்பு சொன்ன அந்தப் புடைப்பை அரத்தால் இரண்டு இழுப்பு எடுத்தால் அலகு சற்று உள்ளே இறங்கும். அதிகம் எடுத்தால் கூர் ஸ்பிரிங்கில் இடிக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் மூடிப் பார்த்தே தொடருங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. மடிப்பின் உள்ளே அழுக்கும் பழச்சாறும் தங்கும். வெந்நீரில் அலசி, குச்சியில் துணி சுற்றி உள்ளே துடைத்து, அலகைத் திறந்துவைத்தே உலர விட்டு, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உணவு நறுக்குகிற கத்திக்கு மணமற்ற கனிம எண்ணெய் நல்லது. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அலகை ஒட்டவைக்கும்.

விற்பவர்களும் ரசிகர்களும் சொல்லும் சில கூற்றுகளை அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். அலகில் சாம்பல் நிறம் படியவிட்டால் துருவே பிடிக்காது என்பது அவற்றில் ஒன்று. அந்தப் படலம் துருவைத் தாமதப்படுத்துகிறது, தடுப்பதில்லை. ஈரத்தில் விட்டால் அதன் மேலேயே செந்துரு ஏறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பழைய கத்திகளே உயர்ந்தவை, இப்போது வருவன தாழ்ந்தவை என்பது இன்னொன்று. பழையவற்றில் மட்டமானவை எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. நம் கைக்கு வருவது மிஞ்சிய நல்லவை மட்டுமே. இந்த ஒப்பீட்டிலிருந்து முடிவு கட்ட முடியாது. பழைய கத்தியை எடுத்தாலும் நான் முன்பு சொன்ன அதே இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

கையில் பிடிக்கும் சுகத்தில் தகடு தோற்றுத்தான் போகிறது. மெல்லிய ஓரம் உள்ளங்கையில் பதியும், குளிரில் சில்லென்று இருக்கும், ஈரக் கையில் வழுக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து மரம் செதுக்குகிறவருக்கு இது ஏற்றதல்ல. அவருக்கு உருண்ட மரக் கைப்பிடியுள்ள ஒப்பினெல் போன்ற கத்தி நல்லது. அதில் 1955 முதல் சுழலும் வளையப் பூட்டும் வருகிறது. ஆனால் மரம் நீரில் ஊறினால் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும்; தகட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எடுத்துச் செல்வது குறித்த விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் கூர் மூன்று அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு, மிகாத பூட்டில்லாத மடக்குக்கத்திக்கு மட்டுமே பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கும் விலக்கு உண்டு. பூட்டு இருப்பதால் மெர்கேட்டர் அந்த விலக்குக்குள் வராது. ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகை நியாயமான காரணமின்றி எடுத்துச் செல்வதைச் சட்டம் தடுக்கிறது. சில மடக்குக்கத்திகளுக்கு மட்டும் 8 செ.மீ. வரை தளர்வு உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை அங்குள்ள அதிகாரபூர்வ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். என் பேச்சை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். விமானத்தில் போவதானால் கைப்பையில் வைக்காமல், ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள்.

நீங்கள் சொன்ன நான்கு வேலைகளில் மூன்று வெறும் வெட்டுதல், நான்காவது எப்போதாவது. அதனால் பணம் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் தெரியவில்லை. மடக்குக்கத்தி உங்களுக்குப் புதிது என்றால் ஸ்பிரிங் உள்ள ஒன்றை எடுங்கள். டூக்-டூக்கின் சிறிய அளவு பொருத்தமாக இருக்கும். அதைத் திறக்க நகம் வலிக்கும் அளவுக்கு ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது என்று தோன்றினால் மெர்கேட்டரைப் பாருங்கள். தீட்டுவதில் ஆசை இருந்து, விரலை வாலின் மேல் வைக்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள முடியும் என்றால் ஹிகோனோகாமி. மிச்சமாகும் பணத்தில் ஆயிரம் நம்பர் கல் ஒன்றை வாங்கிவிடுங்கள்.